ஆல்கஹாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்ற உலோகம் எதற்கு?

பென்சைல் ஆல்கஹாலின் மூலக்கூறு நிறை 108. பென்சால்டிஹைடின் மூலக்கூறு நிறை 106. வித்தியாசம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அவற்றைக் கழற்றிவிட்டால், லேசான மணம் மட்டுமே கொண்ட ஒரு நீர்மம் கசப்பு பாதாமின் வாசனையை வீசத் தொடங்கும். வாசனைப் பொருள்கள், சாயங்கள், மருந்துகள் என்று அந்தப் புதிய நீர்மத்துக்கு ஏகப்பட்ட தேவை உண்டு.

ஆக்சிஜனேற்றம் என்ற பெயரைக் கேட்டால் எங்கோ ஆக்சிஜன் ஏறுகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். இந்த வினையில் ஆக்சிஜன் ஏறவில்லை, ஹைட்ரஜன்தான் இறங்குகிறது. ஆல்கஹாலின் ஓஎச் தொகுதியில் ஆக்சிஜனோடு இருக்கும் ஒரு ஹைட்ரஜனும், அந்த ஆக்சிஜனைத் தாங்கும் கார்பனில் உள்ள ஒரு ஹைட்ரஜனும் போய்விடுகின்றன. அந்தக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு விழுகிறது. ஓஎச் தாங்கும் கார்பனோடு வேறு ஒரே ஒரு கார்பன் இணைந்திருந்தால் அது ஓரிணைய ஆல்கஹால், இரண்டு என்றால் ஈரிணையம், மூன்று என்றால் மூவிணையம். ஓரிணைய ஆல்கஹால் இப்படி ஆல்டிஹைடாகும். ஈரிணைய ஆல்கஹால் கீட்டோனாகும். மூவிணைய ஆல்கஹாலில் கழற்றுவதற்குக் கார்பனில் ஹைட்ரஜனே இல்லை, அதனால் அது அசையாது. ஆல்டிஹைடு அதோடு நிற்காமல் கார்பாக்சிலிக் அமிலம் வரை ஓடிவிடுவதும் உண்டு. அதை நடுவழியில் நிறுத்துவது தனிக் கலை.

சரி, ஹைட்ரஜனைக் கழற்றுவது யார்? பல பத்தாண்டுகளாக அதற்கு வந்த பதில் குரோமியம். பள்ளி ஆய்வகத்தில் அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் எத்தனாலை விட்டுச் சூடாக்கியவர்களுக்கு அந்த நிறமாற்றம் மறந்திருக்காது: ஆரஞ்சு மங்கி, அழுக்குப் பச்சையாகும். மது அருந்தி வண்டி ஓட்டுபவர்களைப் பிடிக்க வந்த பழைய ஊதுகருவிகளில் இருந்ததும் இதே வினைதான். ஆரஞ்சு நிறத்தில் இருப்பது ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலைக் குரோமியம். அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி.

நச்சுத்தன்மையை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு எடையை மட்டும் பார்ப்போம். குரோமியம் டிரையாக்சைடும் கந்தக அமிலமும் கொண்டு பென்சைல் ஆல்கஹாலை மாற்றும் சமன்பாட்டை எழுதிக் கூட்டினால் கணக்கு இப்படி வருகிறது: 324 கிராம் ஆல்கஹால், 200 கிராம் குரோமியம் டிரையாக்சைடு, 294 கிராம் கந்தக அமிலம். மொத்தம் 818 கிராம் உள்ளே போகிறது. வெளியே வருவது 318 கிராம் பென்சால்டிஹைடு, 108 கிராம் தண்ணீர், 392 கிராம் குரோமியம் சல்ஃபேட். நமக்கு வேண்டிய பொருளைவிட வேண்டாத உப்பு அதிகம்! இதில் கரைப்பானையும், கழுவிய தண்ணீரையும் நான் சேர்க்கவே இல்லை. உள்ளே போட்ட அணுக்களில் எத்தனை பங்கு விளைபொருளில் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கும் இந்தக் கணக்குக்கு அணுச் சிக்கனம் என்று பெயர். 1991-இல் அமெரிக்க வேதியியலாளர் பாரி டிராஸ்ட் முன்வைத்த அளவுகோல் இது. மேலே சொன்ன வினைக்கு அது சுமார் 39 சதவீதம்.

அப்படியானால் உலோகத்தைத் தூக்கிவிட்டால் போதுமா? போதாது. 1978-இல் வந்த ஸ்வெர்ன் முறையில் உலோகமே கிடையாது. ஆனால் மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே குளிரவைக்க வேண்டும். ஒரு மூலக்கூறு ஆல்கஹாலுக்கு ஒரு மூலக்கூறு டைமெத்தில் சல்ஃபைடு துணை விளைபொருளாக வந்து சேரும். அதன் நாற்றம் ஒருமுறை ஆடையில் ஏறினால் அன்று முழுக்க நம்மோடுதான். உலோகம் இல்லை என்பதும் வினையூக்கி என்பதும் வேறு வேறு விஷயங்கள். ஸ்வெர்ன் முறை முதலாவதை நிறைவேற்றுகிறது, இரண்டாவதை இல்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஆக்சிஜனேற்றியும் வினையூக்கியும் ஒன்றல்ல. கழற்றிய ஹைட்ரஜன் கடைசியில் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதைக் கடைசியாக வாங்கி வைத்துக்கொள்வது ஆக்சிஜனேற்றி. அது வினையில் செலவாகிவிடும். ஆல்கஹால் எவ்வளவோ அதற்கு ஈடாக அதுவும் வேண்டும். வினையூக்கி நடுவில் நின்று கைமாற்றி விடுவது. ஹைட்ரஜனை வாங்கும், கொடுக்கும், காலிக் கையோடு திரும்பி வரும். ஆகவே ஒரு வினையூக்கியைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, அது யாரிடம் சுமையை இறக்குகிறது என்பதைத்தான்.

உலோகம் இல்லாத வினையூக்கிகளில் அதிகம் புழங்குவது டெம்போ. பெயரைக் கேட்டதும் சரக்கு வண்டி நினைவுக்கு வந்தால் தப்பில்லை, இதுவும் சுமை ஏற்றி இறக்குகிற வேலையைத்தான் செய்கிறது. முழுப் பெயர் 2,2,6,6-டெட்ராமெத்தில்பிப்பெரிடின்-என்-ஆக்சில். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம். நைட்ரஜன் மேல் ஓர் ஆக்சிஜன். அந்த நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பில் இணை சேராத ஓர் எலக்ட்ரான். இப்படித் தனி எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுகளைத் தனி உறுப்பு என்பார்கள். பொதுவாக அவை கண நேரம்கூடத் தாங்காது, எதையாவது பிடித்து வினைபுரிந்துவிடும். டெம்போவோ புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கக்கூடிய ஆரஞ்சுச் சிவப்புப் படிகம். 1960-இல் ரஷ்ய வேதியியலாளர்கள் லெபெதேவும் கசர்னோவ்ஸ்கியும் இதைத் தயாரித்தார்கள். இது சிதையாமல் இருப்பதற்குக் காரணம் நைட்ரஜனுக்கு இருபுறமும் காவல் நிற்கும் நான்கு மெத்தில் தொகுதிகள். பக்கத்துக் கார்பன்களில் ஹைட்ரஜனே இல்லாததால் மூலக்கூறு தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிடுகிறது.

ஆனால் ஆல்கஹாலைத் தொடுவது இந்த டெம்போ அல்ல. அதிலிருந்து இன்னும் ஓர் எலக்ட்ரானை உருவினால் ஆக்சோஅமோனியம் என்ற நேர்மின் அயனி கிடைக்கும். ஹைட்ரஜனைக் கழற்றும் வேலையைச் செய்வது அதுதான். கழற்றியபின் அது ஹைட்ராக்சிலமீனாக மாறி நிற்கும், அதாவது சுமை ஏற்றிய வண்டி. வேறோர் ஆக்சிஜனேற்றி வந்து அதை மறுபடியும் ஆக்சோஅமோனியமாக்கினால் வண்டி அடுத்த சவாரிக்குத் தயார்.

1987-இல் இத்தாலியின் அனெல்லி, மோந்தனாரி குழுவினர் இந்தச் சுழற்சியை ஓட்ட எடுத்துக்கொண்டது சாதாரண பிளீச்சிங் கரைசல், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டைகுளோரோமீத்தேனில் கரைந்த ஆல்கஹால், அதில் ஒரு மோல் சதவீத டெம்போ, அதாவது நூறு ஆல்கஹால் மூலக்கூறுகளுக்கு ஒரு டெம்போ மூலக்கூறு. மேலே கொஞ்சம் பொட்டாசியம் புரோமைடு கரைசல். எல்லாம் பனிக்கட்டிக் குளியலில் உட்கார்ந்திருக்கும். பிளீச்சிங் கரைசல் நேரடியாகப் போட்டால் காரத்தன்மை அதிகம். சோடியம் பைகார்பனேட் சேர்த்து அதன் பி.எச். மதிப்பை 9 பக்கம் இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறும். ஹைப்போகுளோரைட் முதலில் புரோமைடை ஹைப்போபுரோமஸ் அமிலமாக்கும். அது ஹைப்போகுளோரைட்டைவிட வேகமாக டெம்போவை ஆக்சோஅமோனியமாக்கும். வினை பெரும்பாலும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். முடிந்ததா, பிளீச் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டார்ச்-அயோடைடு தாளில் ஒரு சொட்டு வைத்தால் போதும். தாள் கருநீலமானால் மிச்சம் இருக்கிறது. சோடியம் தயோசல்ஃபேட் போட்டு அதை அடக்க வேண்டும்.

இந்த டெம்போவுக்கு இன்னொரு குணமும் உண்டு. காவல் நிற்கும் அந்த நான்கு மெத்தில் தொகுதிகள் ஆல்கஹாலையும் நெருங்கவிடாமல் இடித்துக்கொள்ளும். அதனால் இடம் தாராளமாக இருக்கும் ஓரிணைய ஆல்கஹாலைத்தான் அது முதலில் பிடிக்கும். நெரிசலான ஈரிணைய ஆல்கஹால் காத்துக்கிடக்கும். செல்லுலோஸ் இழையில் இது அழகாக வேலை செய்கிறது. ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஓஎச் தொகுதிகள் இருந்தும், ஆறாவது கார்பனில் உள்ள ஓரிணையத் தொகுதியை மட்டும் டெம்போ அமிலமாக்கும். அப்படி மின்சுமை ஏறிய இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, 3 முதல் 4 நானோமீட்டர் தடிமனுள்ள நார்களாகப் பிரியும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு இதற்காகவே 2015-இல் மார்கஸ் வாலன்பெரி பரிசு பெற்றது. ஈரிணைய ஆல்கஹாலையும் மாற்ற வேண்டுமென்றால் நெரிசல் குறைந்த அசாடோ போன்ற தம்பிகள் இருக்கின்றன, ஜப்பானில் இவாபுச்சி குழு 2006-இல் காட்டியது.

சரி, எடைக் கணக்குக்குத் திரும்புவோம். பிளீச்சில் 108 கிராம் ஆல்கஹாலுக்கு 74.5 கிராம் ஹைப்போகுளோரைட் செலவாகி, 106 கிராம் ஆல்டிஹைடும் 58.5 கிராம் சாதாரண உப்பும் 18 கிராம் தண்ணீரும் வருகின்றன. அணுச் சிக்கனம் 58 சதவீதம். குரோமியத்தைவிட எவ்வளவோ மேல், மிஞ்சுவதும் வெறும் உப்பு. (டைகுளோரோமீத்தேன் என்ற நச்சுக் கரைப்பான்தான் உறுத்துகிறது. வேறு கரைப்பான்களிலும் இந்த வினை நடக்கும் என்பதால் அதை மன்னிக்கலாம்.) இதே வேலையைக் காற்றில் உள்ள ஆக்சிஜன் செய்தால்? 108 கிராம் ஆல்கஹாலும் 16 கிராம் ஆக்சிஜனும் போய், 106 கிராம் ஆல்டிஹைடும் 18 கிராம் தண்ணீரும் வரும். அணுச் சிக்கனம் 85 சதவீதத்தைத் தாண்டிவிடும். கழிவு என்று சொல்ல மிஞ்சுவது தண்ணீர்.

ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் சோம்பேறி. சுமை ஏற்றிய டெம்போவை அது நேரடியாக இறக்கிவிடாது. நடுவில் இன்னொரு கை வேண்டும். அந்த இடத்தைத் தாமிரம் போன்ற உலோகங்கள் பிடித்திருந்தன. 2004-இல் சீன ஆய்வாளர்கள் உலோகத்தை விட்டுவிட்டு, டெம்போவோடு சிறிதளவு புரோமினும் சோடியம் நைட்ரைட்டும் சேர்த்து இதைச் சாதித்தார்கள். நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜனைக் கண்டதும் நைட்ரஜன் டையாக்சைடாகும். அது புரோமைடைப் புரோமினாக்கும், புரோமின் டெம்போவை எழுப்பிவிடும், டெம்போ ஆல்கஹாலைப் பிடிக்கும். கைமாற்றிக் கைமாற்றிச் சுமை கடைசியில் ஆக்சிஜனிடம் போய்த் தண்ணீராகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: எரியக்கூடிய கரைப்பானும் ஆக்சிஜனும் ஒரே கலனில் இருப்பது விளையாட்டல்ல. பெரிய அளவில் செய்யும்போது நைட்ரஜனால் நீர்த்த ஆக்சிஜனைப் பயன்படுத்துவது அதனால்தான்.

இனி மறுபயன்பாடு. டெம்போ கரைப்பானில் நன்றாகக் கரையும். வினை முடிந்ததும் விளைபொருளோடு கலந்தே கிடக்கும். விலையும் கொஞ்சம் அதிகம், பிரிப்பதும் தொல்லை. அதனால் அதைக் கரையாத ஒரு திண்மத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டிப்போடும் யோசனை வந்தது. சிலிக்கா மணிகள், பாலிஸ்டைரீன் உருண்டைகள், இன்னும் பல பாலிமர்கள் இப்படிப் பயன்படுகின்றன. வினை முடிந்தபின் வடிகட்டித் தாளில் மணிகள் தங்கிவிடும், கீழே விளைபொருள் இறங்கிவிடும். மணிகளைக் கழுவி, உலர்த்தி, அடுத்த வினையில் போடலாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2000-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ரோஜர் ஷெல்டன் குழு செய்தது. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்காமல் இருக்க அதில் ஒரு பாலிமரைச் சேர்ப்பார்கள். கிமாசார்ப் 944 என்று கடைப் பெயர். அதன் சங்கிலி நெடுகத் தொங்குவது டெம்போவின் வளையமேதான், நைட்ரஜன் மேல் ஆக்சிஜன் மட்டும் இல்லை. அந்த ஆக்சிஜனை ஏற்றிவிட்டார்கள், வினையூக்கி தயார். புதிதாக எதையும் கட்டியெழுப்பாமல், டன் கணக்கில் ஏற்கனவே தயாராகும் ஒரு சரக்கை எடுத்து வேலை வாங்கியதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

கட்டிப்போட்டால் இழப்பும் உண்டு. கரைசலில் தன்னிச்சையாக ஓடிய மூலக்கூறு இப்போது ஒரு துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆல்கஹால்தான் அதைத் தேடி உள்ளே போக வேண்டும். வேகம் குறையும். சிலிக்காவைக் காரக் கரைசல் மெல்ல மெல்ல அரிக்கும், பிளீச்சும் காரம்தான். துளைகள் அடைபடும். கலக்கும் காந்தக் கட்டையின் கீழ் மணிகள் அரைபட்டுப் பொடியாகும், பொடி வடிகட்டியில் நிற்காது.

அதனால்தான் பத்து முறை பயன்படுத்தினோம், விளைச்சல் குறையவே இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் உடனே கைதட்டுவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். புதிய வினையூக்கி ஒரு மணி நேரத்தில் வினையை முடித்துவிடும், ஆனால் ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம் ஓடவிடுகிறார். முறைக்குப் பத்து சதவீத வினையூக்கி செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை முடிந்தபின் 35 சதவீதம்தான் உயிரோடு இருக்கும். வேகம் வினையூக்கியின் அளவுக்கு ஏற்ப மாறும் என்றால், அந்த 35 சதவீதமும் சுமார் மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அளந்தால் பதினோராவது முறையும் விளைச்சல் முழுசாகத் தெரியும். மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனது யார் கண்ணிலும் படாது. வினை பாதியில் இருக்கும்போதே அளந்தால்தான், அதாவது வேகத்தை அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. பத்து மோல் சதவீதம் வினையூக்கியைப் போட்டுப் பத்து முறை பயன்படுத்தினால், ஒவ்வொரு வினையூக்கி மூலக்கூறும் மொத்தத்தில் நூறு ஆல்கஹால் மூலக்கூறுகளை மாற்றியிருக்கும். அனெல்லி முறையில் ஒரு மோல் சதவீத டெம்போவை ஒரே ஒரு முறை போட்டுத் தூக்கி எறிந்தாலும் அதே நூறுதான்! கட்டிப்போட்டது, வடித்தது, கழுவியது, அதற்குச் செலவான கரைப்பான் எல்லாம் போக, லாபம் எவ்வளவு? மறுபயன்பாட்டின் எண்ணிக்கையைவிட, ஒரு மூலக்கூறு சாகும்வரை எத்தனை சுற்று ஓடியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

திண்மம்தான் வேலை செய்கிறதா, அல்லது அதிலிருந்து கழன்று கரைசலில் ஓடியவை வேலை செய்கின்றனவா என்ற சந்தேகமும் வரும். அதற்கு எளிய சோதனை உண்டு. வினை பாதி நடக்கும்போதே சூடாக வடிகட்டி, தெளிந்த கரைசலை மட்டும் தொடர்ந்து ஓடவிட வேண்டும், ஆக்சிஜனேற்றியைத் தடுக்காமல். அதில் வினை நின்றுவிட்டால் திண்மத்தை நம்பலாம்.

டெம்போவைத் தாண்டினால் கார்பன் குடும்பம் வருகிறது. 2010-இல் பியலாவ்ஸ்கி குழு கிராஃபீன் ஆக்சைடு, அதாவது மேலே ஆக்சிஜன் ஒட்டிய மெல்லிய கார்பன் தாள், பென்சைல் ஆல்கஹாலைப் பென்சால்டிஹைடாக்குவதைக் காட்டியதும் பெரிய உற்சாகம் கிளம்பியது. ஆனால் அதற்கு வேண்டிய அளவு அதிகம். அப்போது பழைய கேள்வி திரும்ப வருகிறது: இது கைமாற்றிவிடும் வினையூக்கியா, தன் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனையே செலவழிக்கும் ஆக்சிஜனேற்றியா? இரண்டும் கலந்தே நடக்கலாம். மேலும், கிராஃபீன் ஆக்சைடை வழக்கமாகத் தயாரிப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு. சரியாகக் கழுவாவிட்டால் மாங்கனீசு தங்கிவிடும். உலோகம் இல்லாதது என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் உலோகத்துக்கு மாலை போட்டுவிடக் கூடாது.

அப்படி நடந்ததும் உண்டு, ஆல்கஹால் வினையில் அல்ல, சுசுகி பிணைப்பு வினையில். இரண்டு கார்பன் துண்டுகளை ஒட்டும் வினை அது, வழக்கமாகப் பல்லேடியம் என்ற உலோகம்தான் அதற்கு வினையூக்கி. 2003-இல் லெட்பீட்டர் குழு பல்லேடியம் இல்லாமலே அந்த வினை நடக்கிறது என்று அறிவித்தது. 2005-இல் அதே குழு மறுபடி துருவிப் பார்த்தபோது, பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் ஐம்பது பங்கு பல்லேடியம் இருந்ததும், அது போதுமானதாக இருந்ததும் தெரிந்தது. தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே எழுதியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த விஷயத்தில் கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு கொஞ்சம் சுத்தமான ஆள். யூரியாவையோ மெலமினையோ 550 டிகிரி அளவில் சுட்டால் கிடைக்கும் மஞ்சள் தூள். தயாரிப்பில் உலோகம் தேவையில்லை, வழக்கமான கரைப்பான் எதிலும் கரையாது, வடிகட்டினால் திரும்பக் கிடைக்கும். நீல ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் தள்ளும். அதேசமயம், கண்டதையெல்லாம் கடித்துக் குதறும் ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தண்ணீரிலிருந்து உருவாக்கும் அளவுக்கு அதற்கு வலு போதாது. இந்தப் பலவீனம்தான் ஆல்டிஹைடோடு வினை நிற்க உதவுகிறது. வேகம் போதாது என்பது குறை.

கடைசியாக ஒன்று. டெம்போவைத் தயாரிக்கும்போது வளைய அமீனை ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றுவார்கள். அதற்கு வழக்கமாகச் சேர்க்கும் வினையூக்கி சோடியம் டங்ஸ்டேட், அதில் இருப்பது டங்ஸ்டன் என்ற உலோகம். மறுபக்கம், துளித் தாமிரமும் டெம்போவும் சேர்ந்து வெறும் காற்றை வைத்துக்கொண்டு அறை வெப்பநிலையிலேயே ஓரிணைய ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும். மருந்துத் தயாரிப்பின் கடைசிப் படியில், உலோக எச்சத்தை மைக்ரோகிராம் கணக்கில் அளக்க வேண்டிய இடத்தில், உலோகமில்லாத மணிகளுக்கு நான் ஓட்டுப் போடுவேன். தொடக்கப் படிகளில் தாமிரத்தையும் காற்றையும் வைத்து வேலை சுத்தமாக முடியுமென்றால், உலோகம் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க மாட்டேன்.